கடல்கட்டியின் பங்கு

1

முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய அந்நியர்கள் அநேகமாக எல்லோருமே கடல்கட்டிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் உதட்டோரச் சிரிப்புடன். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் கடல்கட்டி. அவர் கட்டிய பிறகுதான் குளிகாரர்கள் இறங்குவார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரம் போடுகிற பிராமணர்களுக்கு இருபதில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுக் குளிப்பு நடக்காதபடிக்கு. 1859இல் வெளியான தன் இலங்கைப் புத்தகத்தில் எமர்சன் டெனன்ட் இதே ஆளைத் தமிழ்ப் பெயரோடு குறிப்பிடுகிறார். பரம்பரையாக வருகிற வேலை. அவர் எழுதிய காலத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர். மந்திரம் செய்கிறவர் எந்த மதம் என்பதைக் குளிகாரர்களும் பார்க்கவில்லை, சுறாவும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தக் குறிப்புகளை முதலில் படித்தபோது நானும் சிரித்தவன்தான். பகுத்தறிவின் காலத்தில் பள்ளிக்கூடம் போனவன். மூடநம்பிக்கையை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வளர்த்திருக்கிறது என்று நோட்டில் எழுதிவைத்தேன். 2021க்குப் பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்க்கையில் அந்த வாக்கியம் எனக்குக் கூச்சத்தைத் தருகிறது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத அதிகாரிகள் ஏன் கடல்கட்டியை விலக்கவில்லை என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பதில் எளிது. அவர் இல்லாமல் ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

இறங்குகிறவனின் நிலையிலிருந்து இதைப் பார்க்கவேண்டும். கடன்பட்டு வந்திருக்கிறவன், சம்மாட்டிக்கும் துரைக்கும் முன்னால் 'இன்று எனக்குப் பயமாக இருக்கிறது, இறங்கமாட்டேன்' என்று சொல்லமுடியாது. 'கடல்கட்டி இன்னும் கட்டவில்லை' என்று சொல்லலாம். அதற்குமேல் துரைக்கும் பேச்சில்லை. மறுக்கும் உரிமை சட்டத்தில் இல்லாதவர்களுக்கு அது சடங்கில் கிடைத்திருந்தது. கடல்கட்டியின் சம்மதம் என்பது வேறு உடுப்பில் வந்த குளிகாரனின் சம்மதம். இது என் வாசிப்பு. மானிடவியல்காரர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் யாருக்கு எந்தச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க 'அறவியல் ஆலோசனை' என்று ஒன்று வேண்டும் என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். இந்தப் பேச்சை நம் கரையின் சரித்திரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் நோக்கம். கடல்கட்டியை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஆபத்தை ஏற்கப்போகிறவன் சார்பில் 'நில்' என்று சொல்ல அங்கே யாராவது இருந்தார்களா? இது ஒன்றுதான் கேள்வி.

2

சுறாவுக்குக் கடல்கட்டி இருந்தார். காலராவுக்கு யாரும் இல்லை.

குளிப்பு அறிவித்தவுடன் ஆளில்லாத மணல்கரையில் ஒரு நகரம் முளைக்கும். இந்தக் கரையிலும் எதிர்க்கரையில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டியிலும் அப்படித்தான். ஓலைக் கொட்டகைகள், வட்டிக்கடை, கள்ளுக்கடை, கச்சேரி, காவல், ஆஸ்பத்திரி எல்லாம் சில வாரங்களில் எழும்பிச் சில வாரங்களில் மறையும். எடுத்த சிப்பியை உயிரோடு திறப்பதில்லை. 'கொட்டு' எனப்படும் அடைப்புகளில் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்துப் புழு தின்று தசை கரைந்த பிறகு கழுவி முத்தை அரிப்பார்கள். கோடை வெயிலில், குடிதண்ணீர் போதாத இடத்தில், அழுகும் சிப்பி மலைகளுக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர். வாந்திபேதிக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை யோசித்துச் செய்திருக்கமுடியாது.

1906இல் மரிச்சுக்கட்டிக் குளிப்புக்கு உதவி அதிகாரியாகப் போன இளைஞர் ஒருவரை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். லெனார்ட் வுல்ஃப், பிற்பாடு வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். 1961இல் வந்த தன் சுயசரிதைத் தொகுதியில் அந்த முகாமை எழுதியிருக்கிறார். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மிச்சம் குளிகாரருக்கு. கைவிரலில் எண்ணக்கூடிய அதிகாரிகள், பல்லாயிரம் ஜனம். ஓர் அரபுக் குளிகாரர் படகில் இறந்துபோனதையும், கரையில் அவருடைய ஆட்கள் பட்ட துக்கத்தையும் அவர் மறக்கவில்லை. ஆட்சியின் யந்திரத்துக்குள் இருந்துகொண்டு அதை வெறுக்கத் தொடங்கிய மனம் அது.

காலராவினால் பாதியிலேயே முடித்துவைக்கப்பட்ட குளிப்புகள் உண்டு. எப்போது முடிப்பது என்ற தீர்மானத்தின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒவ்வொரு நாள் ஏலத்திலும் வருகிற தொகை, மறு பக்கம் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலிருந்து வருகிற எண்ணிக்கை. இந்த இரண்டு பத்திகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறவர் சூப்பரின்டென்டென்ட். பக்கத்தில் டாக்டர். அவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் தம் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள். 1889இல் தூத்துக்குடிக் குளிப்பைப் பார்க்க வந்த எட்கர் தர்ஸ்டனே மருத்துவம் படித்தவர், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலராவைப் பொறுத்தவரை, இறங்குகிறவன் யார் வாயின் வழியாகவும் 'நில்' என்று சொல்லமுடியவில்லை. அவனுக்கு இருந்த ஒரே மறுப்பு ஓட்டம். நோய் வந்தது என்று காதில் விழுந்ததும் கூட்டம் கலைந்து ஊர்களுக்கு ஓடியது. காலராவும் கூடவே போயிற்று.

3

ஓட்டத்தை நிறுத்தத்தான் முகாம் வந்தது.

தூத்துக்குடியிலிருந்து மணியாச்சிக்குப் போகிற ரயில் தடத்தில் தட்டப்பாறை என்று ஒரு நிலையம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தியது. தேயிலைத் தோட்டங்களுக்குத் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும் கூலி ஜனங்களை இறக்கி, நாட்கணக்கில் தடுத்துவைத்து, அம்மை குத்தி, துணிகளை ஆவியில் வேகவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகு அனுப்புவார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தபோது அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று. மண்டபத்தின் அதே இடத்தில் 1980களிலிருந்து இலங்கை அகதிகள் வசிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. நம் கரையில் முகாம்கள் கலைவதில்லை, உள்ளே இருக்கிறவர்கள்தான் மாறுகிறார்கள்.

முகாமின் நியாயத்தை மறுக்க நான் வரவில்லை. முந்தைய தலைமுறைகளில் மன்னாரில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்துபோனவர்கள் வழியெல்லாம் காலராவில் விழுந்தார்கள். அந்தச் சாவுகளோடு ஒப்பிட்டால் தட்டப்பாறையின் ஆவிப்பானை கருணையே. ஆனால் யாரைக் காப்பாற்ற இந்தப் பரிசோதனை என்று கேட்டால் பதிலில் ஒரு தயக்கம் இருக்கிறது. கூலிக்காரனைத் தோட்டத்து நோயிலிருந்தா, தோட்டத்தைக் கூலிக்காரனின் நோயிலிருந்தா? நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர் யாருக்கு டாக்டர்? இந்தக் கேள்வியை அந்த முகாமில் யாரும் கேட்கவேண்டிய அவசியமிருக்கவில்லை. 1897இல் பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி வந்த கொள்ளைநோய்ச் சட்டத்தின் காலம் அது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், மீறுகிறவனுக்குத் தண்டனை உண்டு, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரிமீது வழக்கு இல்லை. இவ்வளவுதான். கேட்கவேண்டும், ஆலோசிக்கவேண்டும், காரணம் சொல்லவேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டதும் இதே சட்டத்தின் கீழ்தான். நூற்று இருபத்து மூன்று வருஷம் கழித்து நாம் அதே கொட்டகைக்குள் நின்றோம்.

4

ஆலோசனை என்ற கருத்தே நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று நினைத்தால் அதுவும் பிசகு. மனசாட்சியை ஒருவர் முன் வைத்து, இந்தச் சந்தர்ப்பத்தில் இது தகுமா தகாதா என்று ஒவ்வொரு வழக்காகப் பிரித்துப் பார்க்கும் கலைக்கு இந்தக் கரையில் அச்சுப் புத்தகமே உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்ட்ரிக் அடிகளார், போர்ச்சுகீசியப் பெயர் என்றிக்கே என்றீக்கஸ், 1580இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியோனாயரு' பாவசங்கீர்த்தன நூல். தமிழின் முதல் அச்சுப் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் வந்தது. அதற்கு இரண்டே வருஷம் பின்னால், தமிழ் எழுத்து அச்சில் ஏறிய கையோடு, இப்படிச் செய்தாயா, எந்த நிலையில் செய்தாய் என்று கேள்விகளாகவே நகர்கிற ஒரு புத்தகம் கடற்கரைப் பரதவர்களுக்காக வந்துவிட்டது. அதே அடிகளார் புன்னைக்காயலில் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி ஒன்றையும் நடத்தினார். ஒரே மனிதர் கையில் ஆஸ்பத்திரியும் மனசாட்சி விசாரணையும்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் நானூறு வருஷம் கழித்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் படுக்கையருகே நடக்கும் அறவியல் ஆலோசனைக்கு முறை வகுத்தவர்களில் முக்கியமான ஆல்பர்ட் ஜான்சன், சேசு சபையில் குருவாக இருந்து 1976இல் வெளியே வந்தவர். 1982இல் மார்க் சீக்லர், வில்லியம் வின்ஸ்லேட் இருவருடன் மருத்துவ அறவியல் கைநூலை எழுதினார். 1988இல் ஸ்டீவன் டூல்மினுடன் சேர்ந்து எழுதிய நூலில், பொதுக் கோட்பாட்டிலிருந்து இறங்கி வருவதைவிட வழக்கிலிருந்து வழக்குக்கு நகரும் பழைய பாவசங்கீர்த்தன முறையே வைத்தியசாலைக்கு உகந்தது என்று வாதாடினார். ஆக, இந்தப் புதிய சாஸ்திரத்தின் பழைய வேர்களில் ஒன்று நம் உப்பு மண்ணிலும் ஓடியிருக்கிறது.

வேரைக் கண்டு பெருமைப்பட ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்கிறவர் உயரத்தில் இருக்கிறார், சொல்கிறவன் முழந்தாளில் இருக்கிறான். அந்தக் கோணல் சந்ததிக்கும் வந்தது. 1960களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரில் சிறுநீரகச் சுத்திகரிப்பு யந்திரம் சிலவே இருந்தபோது, யாருக்கு அது என்று முடிவெடுக்க ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். வக்கீல், பாதிரியார், பாங்குக்காரர், குடும்பத்தலைவி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். பெயர்கள் ரகசியம். 1962இல் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் எழுதிய கட்டுரை அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கல்யாணமானவரா, வருமானம் என்ன, கோவிலுக்குப் போகிறவரா என்றெல்லாம் அவர்கள் எடைபோட்டார்கள். யந்திரம் வேண்டியவர்களில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. 1976இல் கேரன் குவின்லன் வழக்கில் நியூஜெர்ஸி உச்சநீதிமன்றம் ஆஸ்பத்திரி அறவியல் குழுக்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது. அதன் பிறகு அங்கே குழுக்கள் பெருகின. 2020 மார்ச் 6ஆம் தேதி இத்தாலிய மயக்கவியல் மருத்துவர் சங்கம் தீவிரசிகிச்சைக்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்று எழுத்தில் சொன்னபோது உலகம் அதிர்ந்தது. நான் அதிரவில்லை. எழுதாமல் செய்வதைவிட எழுதிச் செய்வது ஒருபடி மேல். எழுதியதோடு சண்டையாவது போடலாம்.

நம் நாட்டில் மனிதர்களை வைத்து நடத்தும் ஆராய்ச்சிக்கு அறவியல் குழு கட்டாயம். 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அந்தக் குழுக்களுக்குக் கொள்ளைநோய்க்கென்றே வழிமுறை வெளியிட்டது. ஆனால் இருப்பது ஒரு யந்திரம், மூச்சுத் திணறுகிறவர் இரண்டு பேர் என்ற சாதாரண இரவுக்கு அப்படி ஒரு குழு கட்டாயமில்லை. 2018 மார்ச் 9ஆம் தேதித் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு மருத்துவ வாரியங்களை ஏற்படுத்தியது. அது நிதானமாகச் சாகிறவர்களுக்கு. வரிசையில் சாகிறவர்களுக்கு அல்ல.

5

2021 ஏப்ரலில் தூத்துக்குடியில் ஓர் ஆலோசனை நடந்தது. ஆஸ்பத்திரியில் அல்ல, கலெக்டர் அலுவலகத்தில்.

பின்னணி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தேதிகளைச் சொல்லவேண்டும். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்தார்கள். மே 28இல் ஆலைக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 18இல் சென்னை உயர்நீதிமன்றம் மூடலை உறுதிசெய்தது. அடுத்த ஏப்ரலில் இரண்டாவது அலை. ஆலையின் ஆக்சிஜன் பிரிவை மட்டும் திறந்து உயிர் காக்கிறோம் என்று நிர்வாகம் உச்சநீதிமன்றத்தில் நின்றது. ஏப்ரல் 23இல் கலெக்டர் கூட்டிய கருத்துக்கேட்பில் ஜனங்கள் வேண்டாம் என்றார்கள், ஆத்திரமாகவே சொன்னார்கள். 26இல் சென்னையில் அனைத்துக்கட்சிக் கூட்டம் நான்கு மாதத்துக்கு ஆக்சிஜன் மட்டும் என்று சம்மதித்தது. 27இல் உச்சநீதிமன்றம் ஜூலை 31 வரை அனுமதித்தது. இதைக் காட்டி ஆலை எந்த உரிமையும் கோரக்கூடாது என்றும் சொல்லியது. எடுக்கும் ஆக்சிஜனைப் பங்கிடுவது மத்திய அரசின் பொறுப்பு.

நான் ஆலையை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன். அந்த நாட்களில் எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் எழுதவேண்டுமென்றால், இரண்டு வாக்கியங்கள் ஓடின. ஒன்று: இது கொள்ளைநோயின் தோளில் ஏறி உள்ளே வரும் தந்திரம். இன்னொன்று: ஆக்சிஜன் இல்லாமல் சாகிறவனிடம் போய் நான் முதல் வாக்கியத்தைச் சொல்லமுடியுமா? இரண்டுமே உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அறவியல் ஆலோசனை வேண்டும். சுலபமான இடத்துக்கு அது எதற்கு?

ஆலையின் திறன் நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்குமேல் என்று பேசப்பட்டது. அந்த எண்தான் நாட்டை அசைத்தது. உலைக்கு வேண்டியது வாயு ஆக்சிஜன். அதற்காகக் கட்டிய யந்திரம் அது. டேங்கரில் ஏற்றத்தக்க திரவ ஆக்சிஜன் அதில் ஒரு சிறு பகுதியாகவே வரும். தொடக்கத்தில் நாளுக்கு முப்பத்தைந்து டன் அளவுக்குத்தான் எதிர்பார்க்க முடிந்தது. மே நடுவில் முதல் டேங்கர் போயிற்று. உடனே யந்திரக் கோளாறில் நின்று, சில நாள் கழித்து மறுபடி ஓடியது. முப்பத்தைந்து டன் அற்பமல்ல, அதில் பல உயிர் இருக்கும். ஆனால் ஆயிரத்தைச் சொல்லிக் கேட்பதும் முப்பத்தைந்தைச் சொல்லிக் கேட்பதும் ஒரே கேள்வி அல்ல. முழு எண்ணோடும் கேட்டிருந்தால் இந்த ஊர் என்ன சொல்லியிருக்கும்? மறுத்தேயிருக்கும் என்று தில்லியும் சென்னையும் தீர்மானித்துக்கொண்டன. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. செத்தவர்களின் குடும்பங்களுக்கு எதிரே உட்கார்ந்து, இவ்வளவுதான் வரும், இத்தனை நாள்தான், கண்காணிப்பு உங்கள் ஆட்களிடம், முதல் டேங்கர் உங்கள் ஆஸ்பத்திரிக்கு என்று யாராவது பேசியிருந்தால், கொடுத்தாலும் கொடுத்திருப்பார்கள். கொடுத்ததாக இருந்திருக்கும். நடந்தது, எடுத்ததாக ஆயிற்று. 2024 பிப்ரவரி 29இல் ஆலையின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தாலும் ஏப்ரல் 23இல் 'வேண்டாம்' என்ற வாய்க்கு இன்றுவரை யாரும் காரணம் சொல்லவில்லை.

கருத்துக்கேட்பு என்கிறோம். ஆனால் கேட்ட பிறகு அது எதையும் நிறுத்தாது என்றால் அங்கே கடல்கட்டி இல்லை. மந்திரத்தின் சத்தம் மட்டும் இருக்கிறது.

6

கடைசியாக, எனக்கு நேர்ந்தது.

1955 முதல் 1961 வரை சென்னை அரசின் மீன்வளத் துறை நடத்திய குளிப்புகள்தான் தூத்துக்குடிப் பார்களில் நடந்த கடைசித் தொடர். என் அப்பா அதில் குளித்தவர். அவருக்குக் கயிறு பிடித்தவர் என் அம்மாவின் தம்பி. கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தூங்கிவிட்டால் தாலியறுப்பது அவனுடைய அக்கா. இழப்பு உள்ளவன் கையில் கயிறு. அறவியலுக்கு இதைவிடச் சுருக்கமான விதியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

2021 மே கடைசி வாரத்தில் அந்த மாமாவை மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயது எண்பத்தொன்று. மாமா பிள்ளைகள் வெளியூரில் அடைபட்டிருந்தார்கள், கூட இருந்தவன் நான். முகமூடியில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அதற்குமேல் தேவைப்பட்டால் அறுபது லிட்டர் வேகத்தில் தள்ளும் யந்திரம். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏழாயிரம் லிட்டர். பத்து லிட்டரில் அது பதினோரு மணிநேரத்துக்குமேல் ஓடும். அறுபதில் இரண்டு மணிநேரம்கூடத் தாங்காது. ஒருவருடைய யந்திரம் ஆறு பேருடைய முகமூடி. இந்தக் கணக்கு வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குழாயில் வந்தது மகேந்திரகிரியில் ராக்கெட்டுக்கு வைத்திருந்த ஆக்சிஜனா, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்ததா, ஸ்டெர்லைட்டா? எதிலும் எழுதியிருக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு, முப்பது இருக்காது. இரண்டு கட்டில் தள்ளி இன்னொருவர் வந்திருந்தார், நாற்பதுக்குள். யந்திரம் ஒன்றுதான் காலியாக இருந்தது.

"சார், மெஷினை அங்க போடுறோம். உங்க பெரியவருக்கு இதே முகமூடியில பாப்போம்."

"என்னக் கேக்கிறீங்களா டாக்டர்?"

"கேக்கல சார், சொல்றேன். கேட்டா உங்களால தாங்க முடியாது."

அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் குழு இல்லை, எழுதிய விதி இல்லை, கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. தன் மேலாளரைக்கூட எழுப்பாமல் அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் செய்தது தப்பென்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அவர் என்னைக் கேட்காததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். தலையாட்டினேன். உள்ளே போனேன். மாமா விழித்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும், புத்தி தெளிவு. முகமூடிக்கு மேலே கண் என்னைப் பார்த்தது. நான் போர்வையைச் சரிசெய்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் கேட்டது கேட்பே அல்ல என்று ஒரு மாதம் முன்பு நண்பர்களிடம் கத்தியவன் நான். அந்தக் கட்டிலுக்கும் எனக்கும் இடையே இரண்டடி தூரம். அவரிடம் கேட்க எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. டாக்டர் எனக்குச் செய்ததை நான் மாமாவுக்குச் செய்தேன். தாங்கமாட்டார் என்று நானே முடிவுகட்டினேன். சூப்பரின்டென்டென்ட், சியாட்டிலின் ஏழு பேர், தில்லி எல்லாமாக அந்த ஐந்து நிமிஷம் நான் இருந்தேன். கயிறு என் கையில் இருந்தது, இழப்பும் எனக்கு இருந்தது. அப்படியும் கேட்கவில்லை. ஆகையால் இழப்பு உள்ளவன் கையில் கயிறு என்ற விதி மட்டும் போதாது. கடல்கட்டியும் வேண்டும். கேட்காமல் நகரமுடியாதபடி நம்மை நிறுத்திவைக்க வெளியே ஓர் ஏற்பாடு வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மனிதனுடைய நல்ல குணத்தை நம்பி ஒரு ஆஸ்பத்திரியை நடத்தக்கூடாது. அந்த இளம் டாக்டருக்குச் செய்யக்கூடிய நியாயமும் அதுதான்.

மாமா பிழைத்துவிட்டார். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். அடுத்த வருஷம் தூக்கத்தில் போய்ச்சேர்ந்தார், வேறு காரணத்தில். யந்திரம் போன கட்டிலில் இருந்தவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் காலை அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு.

வீடு வந்து ஒரு மாதம் கழித்து, திண்ணையில் வைத்து, நடந்ததை மாமாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பையன் எந்த ஊரு?" என்றார். தெரியாது என்றேன்.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருந்தா என்ன மாமா சொல்லிருப்பீக?"

"அது கேட்டாத்தானல தெரியும்" என்றார்.